யோகண்ணையின் முழுப்பெயரும் பதினைந்தரைப் புள்ளியும்

1

மெல்பேர்னில், எங்கள் ட்ருகனினா வெயர்ஹவுஸின் சாப்பாட்டு அறையில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. வருடம் முழுக்க அதில் யார் கோப்பை கழுவாமல் போனது என்ற சண்டைதான் எழுதியிருக்கும். செப்டம்பர் பிறந்தால் மட்டும் அதைத் துடைத்துவிட்டு, ஃபூட்டி இறுதிச்சுற்று ஆட்டங்களுக்கு யார் என்ன கணித்தார்கள் என்று எழுதுவார்கள். இந்த வருடமும் எழுதினார்கள். மேலிருந்து கீழாகப் பெயர்கள், முதல் வரி மட்டும் வெறுமை. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லி அப்படி விடவில்லை, தானாகவே விட்டிருக்கிறார்கள். அது யோகண்ணையின் இடம். என் சோற்றுப் பெட்டியை மைக்ரோவேவில் வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இந்த ஃபூட்டி விளங்காது. பேர்தான் கால்பந்து. கையாலும் குத்துவார்கள், காலாலும் உதைப்பார்கள், ஒருவன் முதுகில் ஒருவன் ஏறிப் பந்தைப் பிடிப்பான். வந்த புதிதில் இது விளையாட்டா அடிபிடியா என்றே எனக்குப் பிடிபடவில்லை. மெல்பேர்ன்காரருக்கு இது இல்லாவிட்டால் குளிர்காலமே கழியாது.

லைன் என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. பலமான அணியும் நோஞ்சான் அணியும் மோதினால் எது வெல்லும் என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். அதனால் பந்தயக் கம்பனிக்காரர் ஒரு இலக்கம் போடுவார்கள். நீலச் சட்டை அணிக்கு, எங்கள் வாயில் நீலக்காரருக்கு, லைன் பதினைந்தரை என்றால், அவர்கள் சும்மா வென்றால் போதாது, பதினாறு புள்ளியாவது கூடுதலாக எடுத்து வெல்லவேண்டும். பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் சின்னவனைப் பத்தடி முன்னுக்கு நிற்கவிட்டு விசிலடிப்பது போலத்தான். அரைப்புள்ளி எதற்கென்றால், சமம் என்று சொல்லி ஒருவரும் தப்பக்கூடாது. எங்கள் பலகையில் காசு கிடையாது. கடைசியில் நிற்கிறவன் எல்லாருக்கும் மீட் பை என்கிற இறைச்சிப் பணியாரம் வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

2

யோகண்ணை என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரே வெயர்ஹவுஸ், ஒரே ஷிஃப்ட், டார்னெய்ட்டில் இரண்டு தெரு தள்ளி வீடு. ஊரில் பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எந்தச் சந்தியில் எவ்வளவு பிந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாராம். அதை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எத்தனையோ வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு அறையின் மூலையில் இரண்டு கதிரையில் இருந்து சாப்பிட்டோம். வெள்ளைக்காரப் பெடியங்கள் "நல்ல வாசம், மேட்" என்று சொல்லிக்கொண்டே யன்னலைத் திறப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யோகண்ணை சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்.

ஒரு செப்டம்பரில் பலகையைச் சுற்றி நின்று எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது, அவர் மூலையில் இருந்தபடியே, "சிவப்புக்காரர் லைனைத் தாண்டுவார்கள்" என்று தன் இங்கிலீஷில் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். போன கிழமை அவர்கள் கோலடிக்க எத்தனையோ சந்தர்ப்பம் எடுத்தும் பந்தைக் கம்பத்துக்கு வெளியே உதைத்துப் பாழாக்கினார்கள், அந்த அளவு பிழை இரண்டு கிழமை தொடராது, மற்ற அணி நாட்டின் மறுகோடியில் இருக்கிற பேர்த்திலிருந்து பறந்து வருகிறது, களைத்திருக்கும் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த ஆட்டமும் நடந்தது. அந்த வருடம் பலகையில் முதலாவது அவர். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அவர்தான்.

அதோடு அவரை மூலைக் கதிரையில் காணக் கிடைக்கவில்லை. நடு மேசையில் இருந்தார். "யோகி, இந்தச் சனி என்ன சொல்கிறாய்?" என்று போர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யன்னல் திறக்கிறவர்கள் அவருடைய கத்தரிக்காய்க் குழம்பை வாங்கித் தின்றார்கள். நான் மூலையில் தனியே இருந்தாலும் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

3

இந்த நாட்டில் எங்கள் பெயருக்கு நடக்கிற கூத்தை நான் முன்பும் புலம்பியிருக்கிறேன். யோகேஸ்வரன் என்ற மனிதரின் தகப்பன் பெயரை எந்த அதிகாரியோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து வைத்தியசாலைக் கடிதம், கரண்ட் பில், கவுன்சில் கடிதம் எல்லாம் ஊரில் எப்போதோ செத்துப்போன தகப்பனுக்குத்தான் வரும். மாற்றப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஊரில் பதிவகத்துக்கு ஆள் விடவேண்டும். அந்தப் பதிவகம் சண்டையில் எரிந்து போனது. இதை ஒரு கந்தோர்ப் பெண்ணுக்கு விளங்கப்படுத்திவிட்டு யோகண்ணை வெளியில் வந்து, "விடு தம்பி, அப்புவின்ரை பேரே இருக்கட்டும்" என்றார்.

கந்தோர்களில் வரிசையில் இருக்கும்போது பேர் கூப்பிடுவார்கள். எங்கள் முறை வந்தால் அந்தப் பிள்ளை கடதாசியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் கேட்டதுமே நாங்கள் எழும்பிவிடுவோம். பாவம், அது ஏன் கஷ்டப்படவேண்டும்?

போன வருடம் இறுதிச்சுற்று தொடங்கிய கிழமை யோகண்ணை என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நேற்று ஒரு வெள்ளைக்காரன் எனக்கு ஃபோன் எடுத்தவன். மிஸ்டர் யோகேஸ்வரன் எண்டு முழுப்பேரும் சொன்னவன். ஒரு எழுத்துப் பிழைக்கேல்லை."

"ஆரண்ணை அது?"

"டீன் எண்டு பேர். பந்தயக் கம்பனிப் பெடியன். வெள்ளிக்கு வெள்ளி எடுக்கிறவன். அரையிறுதி பாக்க டிக்கெட்டும் அனுப்பியிருக்கிறான். பெரிய ஆக்கள் இருக்கிற பக்கமாம்."

பலகையில் கணிப்பது போதாமல் அவர் ஃபோனிலும் காசு கட்டுகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வெல்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஏற்ற இறக்கம் இருக்கும்தானே. ஆனா அவங்கள் ஆளை அறிஞ்சு மரியாதை தாறாங்கள்."

4

இனி என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். துளசி கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்தாள். காப்புறுதிக் கம்பனியில் பெரிய வேலைக்குப் போவாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவள் சிட்டியில் ஒரு பந்தயக் கம்பனியில் சேர்ந்தாள். லைன் போடுகிற பிரிவு. என் மனுசிக்குத் தலை சுற்றிவிட்டது. கோயிலில் யாரும் கேட்டால் "டேட்டா வேலை" என்று சொல்லும்படி எனக்குக் கட்டளை. நான் யோகண்ணைக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.

துளசி பிழையான பிள்ளை இல்லை. ஆனால் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். யாராவது சமைத்துத் தந்தால் உப்புக் கூட என்று அவர்களிடமே சொல்வாள். "ஒரு பொய் சொன்னால் வாய் வெந்து போகாது" என்று தாய் பேசினால், "வை வுட் ஐ லை, அம்மா?" என்று கேட்பாள். கோயிலுக்கு வருவதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. அதற்காக நான் சண்டை பிடித்ததும் உண்டு.

5

கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யோகண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கேக் பெட்டி. துளசி வீட்டில் நிற்கிற நாள் பார்த்து வந்திருக்கிறார் என்று பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிறவர் வீட்டுக்குக் காரியம் கேட்க எங்கள் ஆட்கள் இப்படித்தான் போவார்கள்.

தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு மெதுவாகத் தொடங்கினார்.

"பிள்ளை, உங்கட ஒபிசிலைதானே லைன் போடுறது. ஆர் வெல்லுறதெண்டு நான் கேக்கேல்லை. நீலக்காரர் பதினைஞ்சரையைத் தாண்டுவினமோ எண்டு மட்டும் சொன்னாக் காணும்."

துளசி சிரித்தாள். "அங்கிள், நோபடி நோஸ். எங்களுக்கே தெரியாது. லைன் எண்டது சாத்திரம் இல்லை. பாதி ஆக்கள் இந்தப் பக்கம், பாதி ஆக்கள் அந்தப் பக்கம் காசு போடுற மாதிரி ஒரு நம்பர். தட்ஸ் ஆல்."

யோகண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கந்தோர்க்காரர் நேரே சொல்லமாட்டார்கள், அது ஒழுங்குதானே என்கிற மாதிரி.

"சரி பிள்ளை, நீங்கள் சொல்லவேண்டாம். நான் நீலக்காரரிலைதான் நிக்கிறன். இந்த முறை சின்னக் காசு இல்லை. வீட்டுக் கடனுக்கு மேலாலை கட்டி வைச்ச காசை பாங்க் திருப்பி எடுக்க விடும், அதை முழுக்க எடுக்கப்போறன். தாண்டினா வீடு எங்கட. மலருக்கு இன்னும் சொல்லேல்லை."

மலரக்கா அவருடைய மனுசி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து அந்தக் காசில் பாதியைக் கட்டியவள். நான் வாய் திறக்க முன் அவரே தொடர்ந்தார்.

"நான் உங்கட கம்பனியிலை சும்மா ஆள் இல்லை, பிள்ளை. டீன் எண்டவர் வெள்ளிக்கு வெள்ளி எடுத்து முழுப்பேரும் சொல்லித்தான் கதைப்பார்."

துளசியின் சிரிப்பு நின்றது. "எப்பிடிச் சொல்லுறவர், அங்கிள்?"

அவர் டீனைப் போலச் சொல்லிக் காட்டினார். மூன்றாகப் பிரித்து, நடுவில் அழுத்தி. "யோ, கேஏஷ், வரன்."

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். நான் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன். சில மாதத்துக்கு முன் டீன் ஒரு கடதாசித் துண்டோடு அவளிடம் வந்திருக்கிறான். இது உங்கள் நாட்டுப் பெயர்தானே, எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறான். ஒரு வெள்ளைக்காரன் தமிழ்ப் பெயரைச் சரியாகச் சொல்ல விரும்புகிறானே என்று சந்தோஷப்பட்டு, மூன்றாகப் பிரித்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இவர் எப்போதும் யோகன் அங்கிள்தான்.

டீனின் வேலை, கூடக் காசு தோற்கிறவர்களைக் கூப்பிட்டு அன்பாகக் கதைப்பது. வெல்கிறவர்களை அவர்கள் கூப்பிடுவதில்லை. தொடர்ந்து வென்றால் இவ்வளவுக்கு மேல் கட்டமுடியாது என்று கம்பனி கையைப் பிடித்துவிடும்.

"ஃபோன் வருதெண்டால் அங்கிள் லூஸ் பண்ணுறார், அப்பா. நிறைய லூஸ் பண்ணுறார்."

"அப்ப சொல்லு பிள்ளை அவருக்கு."

"கஸ்டமரைப் பற்றி வெளியிலை கதைச்சால் வேலை போகும். சைன் பண்ணியிருக்கிறன்."

என் மனுசி கேக்கை வெட்டிய கத்தியோடு வந்து நின்றாள். "நீ வாயைத் திறக்காதை. இஞ்சேருங்கோ, அவரை நீங்களே பாத்துக் கதையுங்கோ."

நான் யோகண்ணையைக் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், "அண்ணை, வீட்டுக் காசிலை மட்டும் கை வைக்காதேங்கோ" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும்.

அவர் காரில் ஏறி இருந்துகொண்டு, "தம்பி, நீ பலகையிலை எனக்கு எத்தினை வரி கீழை நிக்கிறாய்?" என்று கேட்டார். பகிடி போலத்தான் கேட்டார். எனக்குச் சுட்டது.

6

கிராண்ட் ஃபைனல் எப்போதும் செப்டம்பர் கடைசியில், சனிக்கிழமையில் வரும். எங்களுக்கு அது புரட்டாசிச் சனி. காலையில் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, மத்தியானம் ரிவியில் ஃபூட்டி. தீயணைப்புச் சட்டம் என்று சொல்லி இங்கே எள்ளுச்சட்டி எரிப்பது வெளியே ஒரு தகரக் கொட்டிலில். குளிர்காற்றில் ஒவ்வொருவரும் தங்கள் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

யோகண்ணை தன் எள்ளுப் பொட்டலத்துக்கு நெருப்பு வைத்துக்கொண்டு நின்றார். அப்போது துளசி வந்தாள். நான் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகிற உடுப்போடு, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொட்டிலுக்குள் வந்தாள். என் மனுசி அவளுடைய கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"அங்கிள்," என்றாள். பிறகு ஒரு மூச்சு எடுத்து, "யோ, கேஏஷ், வரன்" என்றாள்.

அதே இழுவை, அதே அழுத்தம். இங்கே வளர்ந்த பிள்ளையின் நாக்கில் எங்கள் பெயர்கள் அப்படித்தான் வரும். யோகண்ணை நிமிர்ந்தார். அந்த உச்சரிப்பை அவர் எங்கே கேட்டவர் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான், அங்கிள். அவன் தோக்கிற ஆக்களுக்குத்தான் ஃபோன் எடுக்கிறவன். அதுதான் அவன்ரை வேலை. ப்ளீஸ், காசைப் போடாதேங்கோ."

யோகண்ணை விளக்கைப் பார்த்தார். எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"அப்ப, கேட்டுப் படிச்சிருக்கிறான்," என்றார்.

"அங்கிள்?"

"என்ரை பேரைச் சரியாச் சொல்லவேணுமெண்டு ஆளைத் தேடிப்போய்க் கேட்டுப் படிச்சிருக்கிறான். இந்த நாட்டிலை ஆர் பிள்ளை அப்பிடிச் செய்வினம்?" அவருடைய கண் கலங்கியிருந்தது. "அதோடை, நான் நேற்றே கட்டிப்போட்டன்."

துளசி வெளியே போய்ச் சப்பாத்தைத் தேடி மாட்டினாள்.

மத்தியானம் நாங்கள் எல்லாரும் அவர் வீட்டுக்குத்தான் போனோம். தனியே விட மனம் வரவில்லை. மலரக்கா ஒன்றும் அறியாமல் ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். துளசி அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நீலக்காரர் வென்றார்கள். பதினைந்தரையை எங்கேயோ தாண்டி வென்றார்கள். யோகண்ணை எழும்பி மலரக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். நாங்களும் கைதட்டினோம், வேறென்ன செய்வது? துளசி மட்டும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவர் தோற்றிருக்கவேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். தோற்றிருந்தால் அழுது, ஏச்சு வாங்கி, அதோடு விட்டிருப்பார். இனி அவருக்கு யார் சொன்னாலும் ஏறாது.

7

ஒரு கிழமை கழித்துச் சாப்பாட்டு அறையில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளைக்கு ஒரு நல்ல காரியம் பாத்திருக்கிறன். டீன் வாழ்த்துச் சொல்ல எடுத்தவன். நான் சொன்னன், உங்கட ஒபிசிலை துளசி எண்டு எங்கட பிள்ளை ஒண்டு இருக்குது, தங்கமான பிள்ளை, கோயிலுக்கு வந்து காசு போடாதேங்கோ அங்கிள் எண்டு என்னிலை அக்கறையாச் சொன்னது, அப்பிடியான பிள்ளைக்கு ப்ரோமோஷன் குடுக்கவேணும் எண்டு. அவன் பேரைக் கேட்டு எழுதினவன்."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. தெரிந்த ஆளிடம் ஒரு சொல் சொல்லிவைத்தால் பிள்ளை முன்னுக்கு வரும் என்று நினைத்துச் செய்திருக்கிறார். ஊரில் எனக்கு வேலை கிடைத்ததும் அப்படி ஒருவர் சொன்ன சொல்லால்தான். அவருடைய முகத்தில் அவ்வளவு நிறைவு.

அந்தக் கிழமை முடிய முன் துளசியை ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். மத்தியானமே ரயிலில் வந்துவிட்டாள், கையில் அவளுடைய மேசையில் இருந்த சின்னப் பூச்சட்டி. தாய் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். யோகண்ணை வீட்டுக்கு இப்போதே போய் நாலு கேள்வி கேட்கப்போவதாக நான் சேர்ட்டை மாட்டினேன். கேட்டிருப்பேன், அவ்வளவு கோபம். துளசி கதவடியில் வந்து நின்றாள்.

"டோன்ட் டெல் ஹிம், அப்பா. அவர் நல்லதெண்டுதான் செய்தவர்."

அடுத்த சீசன் தொடங்கிப் பாதியில் யோகண்ணையின் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். திரும்பத் திரும்பப் பந்தயம் கட்டி, வென்றதும் போய், மிச்சமும் போய்விட்டது. வங்கிக் கடிதத்தைப் பார்த்துத்தான் மலரக்காவுக்குத் தெரியும். வழக்கம்போல அதுவும் செத்துப்போன மாமனாரின் பெயருக்குத்தான் வந்தது. சிட்னியில், கிரவீனில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்கு அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி நாள் அவர் வெயர்ஹவுஸில் யாருக்கும் சொல்லாமலே போனார்.

8

இந்த வருடத்துக் கிராண்ட் ஃபைனல் போன சனிக்கிழமை முடிந்தது. கோயிலால் வந்து, ரிவியைப் போடாமல், அவருக்கு ஃபோன் எடுத்தேன். மலரக்காவின் ஃபோனுக்கு. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், துளசியும் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் பட்டியல் போடுகிற வேலை, சம்பளம் முன்பைவிடக் குறைவு.

"எப்பிடியண்ணை சுகம்?"

"இருக்கிறன், தம்பி. மாட்ச் பாக்கிறேல்லை இப்ப. என்ரை ஃபோனையும் மலர் நிப்பாட்டிப்போட்டாள். பந்தயக் கணக்கை மூடியாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பெடியன் டீன் சுகமா இருக்கிறானோ? கணக்கு மூடின பிறகு ஒரு நாளும் எடுக்கேல்லை. மலரின்ரை நம்பரும் குடுத்தனான்."

நான் ஏதோ முனகினேன்.

"இஞ்சை டொக்டரிட்டைப் போனா அந்தப் பிள்ளை கடதாசியைப் பாத்துக்கொண்டு நிக்குது. நான் எழும்பிப் போயிடுவன்," என்றார். பிறகு, "அது சரி, பிள்ளைக்கு ப்ரோமோஷன் கிடைச்சதோ? நான் அண்டைக்குச் சொல்லிவைச்சனான்," என்றார்.

மனுசி குசினியில் கழுவிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே வைத்தாள். துளசி என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். வாயில் பொய் வராத பிள்ளை. உண்மையைச் சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன்.

"ஓம் அங்கிள்," என்றாள். "கிடைச்சது."

"நான் சொன்னதாலைதானே?"

"ஓம் அங்கிள். நீங்கள் சொன்னதாலைதான்."

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. ஃபோனை விட்டு வாயைத் திருப்பி, வீட்டின் மற்றப் பக்கத்துக்குக் கேட்கும்படி யோகண்ணை கூப்பிட்டார்.

"மலர், கேட்டியோ? பிள்ளைக்குக் கிடைச்சிட்டுதாம்."